அம்மாவின் கட்டிலில் கசிந்த கரண்ட்

கடலூர், திருப்பாதிரிப்புலியூர்
வியாழக்கிழமை

அன்பு மகள் இளமதிக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுப் போகலாம்தான், அது முழு உண்மையாக இருக்காது. போனில் பேசுவதே அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

போன மாதம் முழுக்க கரண்ட் போய்ப் போய் வந்தது உனக்குத் தெரியும். தெருவில் எல்லார் வீட்டிலும் இருக்கும், நம் வீட்டில் மட்டும் மெயின் போர்டில் இருக்கிற டிரிப் சுவிட்ச் டப்பென்று விழுந்துவிடும். காலையில் அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு, கட்டிலின் தலைமாட்டை நிமிர்த்திக் கஞ்சி கொடுக்கிற நேரம் பார்த்து விழும். கரண்ட் போனால் காற்று மெத்தையின் மோட்டார் நின்று மெத்தை தொய்ந்துவிடும், முதுகுப் புண் இப்போதுதான் ஆறி வருகிறது. கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடி, ஸ்டூல் போட்டு ஏறி சுவிட்சைத் தூக்கிவிடுவேன், இறங்கி வருவதற்குள் மறுபடி விழும். அந்த நேரத்தில்தான் மிக்சியும் தண்ணீர் மோட்டாரும் ஓடும், இரண்டையும் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தேன், ஃப்ரிட்ஜைக்கூடப் பிடுங்கிப் போட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. அறுபத்தெட்டு வயதில் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஸ்டூல் ஏறி இறங்குவது, சொல்.

எலக்ட்ரீஷியன் ராஜவேலைக் கூப்பிட்டேன். அவர் சமையலறை வயரையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு, சுவிட்ச்தான் பழசாகியிருக்கும், வேறு வாங்கி வருகிற வரைக்கும் அதை விலக்கி லைனை நேரே கொடுக்கிறேன், இரண்டே நாள்தான், கட்டாயம் கூப்பிடுங்கள் என்று சொல்லித்தான் போனார். கரண்ட் நிற்காமல் வந்ததும் அப்பாடா என்று நான்தான் கூப்பிடவில்லை. இரண்டு நாள் பதினோரு நாளானது.

அந்தப் பதினோரு நாளும் அம்மா கஞ்சி குடிக்க மறுத்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவளுக்கு வருவதே நாலைந்து வார்த்தை, அதில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள், "குத்துது" என்று. புண்தான் குத்துகிறது என்று நினைத்து மருந்து போட்டேன். நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள் என்றால் கையை இழுத்துக்கொண்டாள். ஒருநாள் அலுப்புத் தாங்காமல், "எல்லாத்துக்கும் அடம்தானா மாலதி, நானும் மனுசன்தான" என்று கத்திவிட்டு, அவள் கையைப் பிடித்துக் கம்பியில் வைத்து அழுத்தினேன். அவள் அழவில்லை, என்னையே பார்த்தாள்.

தரை வழுக்கும் என்று அவளைத் துடைக்கும்போது நான் ரப்பர் செருப்பு போட்டிருப்பேன். போன வெள்ளிக்கிழமை அதன் வார் அறுந்துவிட்டது. வெறுங்காலோடு ஈரத்தில் நின்று கட்டிலைப் பிடித்தேன், தோள் வரைக்கும் இழுத்து உதறித் தள்ளிவிட்டது. கீழே கிடந்தபடி அவளைப் பார்த்தேன். "குத்துது" என்றாள். அந்த ஒரு நிமிஷத்தை நான் உனக்கு எப்படி எழுதுவது.

மெயினை நிறுத்திவிட்டு உன் மாமா அருள்முருகனுக்குப் போன் செய்தேன், சிதம்பரத்திலிருந்து அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டான். ஹாஸ்டலில் வயரிங் பார்த்தவன் அல்லவா, நிதானமாகச் செய்தான். அம்மாவைக் கூடத்துக்கு மாற்றினோம். விலக்கிய சுவிட்சைத் திரும்ப இணைத்து, ஒவ்வொரு அறையாக லைன் கொடுத்தான், எதற்கும் விழவில்லை. பிறகு காலையில் இருந்த மாதிரியே தரையை நனைத்துவிட்டு, ஈரத்துக்கு எட்ட நின்று ரப்பர் கையுறையோடு தலைமாட்டை நிமிர்த்தினான். உடனே விழுந்தது. கால் தடுக்கக் கூடாதென்று மெத்தை மோட்டாரின் வயரை நான்தான் கட்டில் சட்டத்தோடு கட்டியிருந்தேன். நிமிர்த்தும்போதெல்லாம் கீலில் நசுங்கி, மேல்தோல் கிழிந்து, உள்ளே இருக்கிற செம்புக் கம்பி கட்டில் இரும்பில் உரசியிருக்கிறது. "சுவிட்சு கெட்டுப் போவல மச்சான். எங்கியோ லீக் ஆவுதுன்னு அதான் சொல்லிக்கினே இருந்திருக்கு" என்றான். என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

இப்போது வேறு வயர் சுவரோடு போகிறது, எர்த்தையும் பார்த்தாகிவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார், அம்மாவுக்கு ஒரு கெடுதலும் இல்லை, பயப்படாதே. மன்னிப்புக் கேட்டேன், புரிந்ததா என்று தெரியவில்லை. கம்பியை மட்டும் தொட மாட்டேன் என்கிறாள். தினமும் முதலில் நான் வெறுங்கையால் பிடித்துக் காட்டுகிறேன், அப்படியும் நம்பவில்லை. நம்பச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. நேற்றுதான் கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து நிமிர்ந்தாள், அரைக் கிண்ணம் குடித்தாள்.

உங்கள் வீட்டு டிரிப் சுவிட்சில் டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பார். வடலூர் ஐயா உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா பேச ஆரம்பித்தால் நடுவில் நீயாக வார்த்தையை எடுத்துக் கொடுக்காதே, எவ்வளவு நேரமானாலும் அவளே சொல்லி முடிக்கட்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
சுப்புராயன்