கெனாடி நோட்டில் எழுதாத கோப்பைகள்

என் கண்ணு ரயீசா, இங்கே நாங்கள் சுகம், இத்தாலியில் நீயும் பிள்ளைகளும் மாப்பிள்ளையும் இருமல் சளி இல்லாமல் இருக்க மாதாவுக்குத் தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். செவ்வாய்க்கிழமை கிஷினாவ் ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் நான், உன் அண்ணன் கெனாடி, டாக்டரம்மா தமரா, எங்களைக் காரில் கூட்டிப்போன அவன் ஞானத்தகப்பன் சிமியோன், அவ்வளவுதான். வேறு யாராவது தானும் இருந்ததாகப் போனில் சொன்னால் நம்பாதே.

குடி ஆசையைக் குறைக்கிற புது மாத்திரையைச் சோதிக்கிறார்கள் என்று சொன்னேனே, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் சுண்ணாம்பு, எது யாருக்கு என்று டாக்டருக்கே தெரியாது. தினம் எத்தனை குடித்தான் என்று நோட்டில் எழுத வேண்டும். உன் அண்ணன் மாத்திரைக்கு முந்தின இரண்டு வாரம், விழுங்கின ஆறு வாரம், எட்டு வாரமும் சைபர் சைபராகப் போட்டு வைத்திருக்கிறான்! டாக்டரம்மா, குடிக்காத ஆளை எதுக்குப்பா நான் சோதிக்கணும் என்று கேட்டதற்கு, சாராயத்தைத் தொடவே இல்லையே டாக்டரம்மா, வீட்டு நிலவறை ஒயின் எப்படிக் குடியாகும், அது சாப்பாடாச்சே, என்கிறான். சிமியோனும் ஆமா ஆமா என்று தலையாட்டுகிறான். அவள் பட்டியலில் இவன் பேரை அடிக்கப் பேனாவை எடுத்துவிட்டாள். ஜனவரியில் பனியில் விறைத்துக் கிடந்தவனை பனிச்சறுக்கு வண்டியில் இழுத்து வந்தவள் நான், விடுவேனா? நிறுத்தும்மா, எழுதிக்கோ என்றேன். நோட்டு எங்கேம்மா என்றாள், என் தலையைத் தட்டிக் காட்டினேன். முதல் திங்கள் ஒன்பது கோப்பை, செவ்வாய் பதினொன்று, புதன் பக்கத்து வீட்டுச் சாவுச் சாப்பாட்டில் பதினான்கு என்று ஆரம்பித்துப் போன வாரம் இரண்டு, ஒன்று, சனிக்கிழமை ஒன்றுமே இல்லை என்பது வரை விடாமல் சொன்னேன். கெனாடி வாயைப் பிளந்துவிட்டான். அன்னிக்குப் பதினாலா குடிச்சேன் என்கிறான். பதினஞ்சுடா, ஒண்ணைப் பக்கத்து வீட்டு அகாஃபியா பாவாடையில கொட்டின, அதை விட்டுட்டேன் என்றேன். டாக்டரம்மா சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். தனித் தாளில் எழுதி மேலிடத்தில் கேட்கிறேன், இப்போதைக்குப் பேரை அடிக்கவில்லை என்றாள். காரில் வரும்போது கெனாடி மெதுவாக, எனக்குக் கொடுத்தது சுண்ணாம்பா இருந்தா என்னம்மா பண்றது என்றான். அப்ப குறைச்சது நீதான்டா கழுதை என்றேன்.

ஒன்று சொல்ல விட்டேன். கிளம்புமுன் டாக்டரம்மா, முதல்முதலாக எந்த வயதில், யார் கொடுத்தது என்று கேட்டாள். நாலு வயதில், உன் ஞானஸ்நான விருந்தன்று. உன்னையே எல்லாரும் கொஞ்சுகிறார்கள் என்று அவன் ஓயாமல் அழுதான். ஒயினில் நனைத்த ரொட்டியைச் சிமியோன்தான் கொடுத்தான் என்று முப்பத்தெட்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன், அவனுக்கு என் வீட்டில் நாற்காலி போட்டதில்லை. டாக்டரம்மா கேட்டபோது சிமியோன் தொப்பியைக் கையில் பிடித்துத் தரையைப் பார்த்தான். நான் பேரைச் சொன்னேன், டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். சாயங்காலம் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். வாங்கிப்போன ஏணியை இன்னும் அவன் திருப்பித் தரவில்லை, அது வேறு விஷயம்.

இத்தாலிக்கு வருகிற வேன்காரனிடம் பிளம்ஸ் ஜாம் நாலு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன், எண்ணி வாங்கு. சின்னவனுக்குப் பல் முளைக்கும்போது அழுதால் தூக்கி வைத்துக்கொள், ரொட்டியை எதிலும் நனைக்காதே. கடவுள் உங்கள் எல்லாரையும் காக்கட்டும். உலகத்தில் எல்லாரையும் எப்படியோ மன்னித்துவிடுவேன், ஒருத்தியைத் தவிர. டாக்டரம்மா எழுதிக்கொண்ட பேரும் அதுதான், கீழே போட்டிருக்கிறேன்.

உன் அம்மா,
எவ்தோக்கியா