கப்பல் கிளம்பியபோது அழாதவன்

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று மகள் படிப்புக்காக இந்தத் தீவிலிருந்து கப்பலேறி மெயின்லேண்ட் போனாள். துறைமுக ஜெட்டியில் எல்லாரும் அழுதார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. மனநிலை ஏறி இறங்கும் பைபோலாருக்கான மாத்திரையை டாக்டர் கூட்டியதிலிருந்து எதுவும் என்னை வந்து அடைவதில்லை. பழைய அளவில் எல்லாம் வந்தது, அளவுக்கு மீறி. அந்த வேகத்தில் ஒரு படகுகூட வாங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது.

"பிள்ளை கப்பல் மேலேருந்து பாக்குது. கொஞ்சம் அழுங்களேன்," என்றாள் மனைவி. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு வங்காளி என் தோளைத் தட்டி, "ஹிம்மத்வாலா ஆத்மி," என்றார். தைரியசாலியாம்.

கப்பல் நகர்ந்ததும், சிக்னல் போவதற்குள் மகள் போன் செய்தாள். "நடிக்காதீங்கப்பா. எனக்காக அழணும்னு மாத்திரைய நிறுத்திடாதீங்க. அப்புறம் நான் அங்க எப்படி..." அதோடு சிக்னல் போய்விட்டது.

சாப்பிட்டபின் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று ஒரு நாள் விட்டால் என்ன, பெற்ற மகளுக்கு ஒரு அழுகை நியாயம்தானே என்று தோன்றியது. படகு வாங்கியபோதும் இப்படி நியாயமாகத்தான் தோன்றியது.

விழுங்கிவிட்டேன்.

மகளின் அறையில் மனைவி அழுதுகொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.