மைனஸ் பக்கம் வைத்த பொட்டு

மஸ்கட்

அம்மாவுக்கு,

முகேஷ்குமார் வணங்கி எழுதுவது. நான் நல்ல சுகம். உன் முட்டிவலி குறைந்ததா? தாடிக்கொம்பு கோயிலுக்கு நடந்தே போகாதே, பஸ்ஸில் போ.

போன வாரம் ஒரு அலுவலகத்தில் யுபிஎஸ் பேட்டரி மாற்றினோம். புதுப் பேட்டரியைச் சும்மா மாட்ட எனக்கு மனசு வரவில்லை. நீ கொடுத்தனுப்பிய கோயில் குங்குமத்தில் ஒரு பொட்டு வைத்தேன். கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் ரமோன், சிவப்பைப் பார்த்ததும் அதுதான் பிளஸ் என்று நினைத்துச் சிவப்பு ஒயரை அங்கே மாட்டிவிட்டார். நான் வைத்ததோ மைனஸ் பக்கம். பட்டென்று ஒரு பொறி பறந்து பியூஸ் போனது, அவ்வளவுதான். பயப்படாதே.

என் அறையில் இருக்கும், எரியோடு ஊர்க்காரன் சகாயராஜ் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "ஏலே, வச்சதுதான் வச்ச, பிளஸ் பக்கமா வச்சிருக்கக் கூடாதா?"

இப்போது ரமோனே ஒவ்வொரு பேட்டரிக்கும் பொட்டு வைக்கச் சொல்கிறார், பிளஸ் பக்கம் மட்டும். அதனால் குங்குமம் தீர்ந்துவிட்டது. லீவில் வரும்போது இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சகாயராஜிடமே, அவன் திரும்பும்போது கொடுத்தனுப்பு. அவனுக்கு ஏர்போர்ட் போக வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

குங்குமத்துக்குப் பிளாஸ்டிக் பை வேண்டாம். போன தடவை மாதிரி உன் பழைய சேலைத் துணியிலேயே முடிந்து கொடு.

முகேஷ்