நம்ம பஸ்ஸில் ஏறாதே

தங்கச்சிமடம்
14.6.1993

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

நீயும் பிள்ளையும் சுகமா? வெள்ளிக்கிழமை வரும்போது நம்ம பஸ்ஸில் ஏறாதே. ராமநாதபுரத்தில் இறங்கி ரயிலில் வா. கூட்டமா இருக்கும்னு எழுதத்தான் நினைச்சேன். உன்கிட்ட பொய் வரமாட்டேங்குது.

உங்க அண்ணன் இப்பல்லாம் மத்தியானம் சாப்பிட இறங்கினா குடிச்சிட்டுத்தான் வந்து வண்டியை எடுக்கிறாரு. நேத்து பாம்பன் பாலத்துல கைப்பிடிச் சுவரை உரசிட்டாரு.

"மச்சான், டூட்டி முடியிற வரைக்குமாவது பொறுங்க"ன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன்.

"ஏலே மாப்ள, இந்தக் கண்டக்டர் வேலையில ஒன்னையச் சேத்துவிட்டது யாரு?"ன்னாரு. பிடிச்ச கையை விட்டுட்டேன்.

சாயந்தரம் முதலாளி கீறலைப் பார்த்துட்டுக் கேட்டாரு. ஆடு குறுக்க வந்துச்சுன்னு சொல்லிட்டேன். உண்மையைச் சொன்னா, மூணு பொம்பளப்பிள்ளைகளை வச்சுக்கிட்டு உங்க அண்ணன் எங்கன போவாரு?

உங்க ரெண்டு பேரையும் ரயிலில் வரச் சொல்லிட்டேன். ஆனா இன்னைக்கு மத்தியானமும் அவரு தள்ளாடித்தான் சீட்டுல ஏறுனாரு. உள்ள நாப்பது பேரு. மடியில பிள்ளைகளோட பொம்பளைங்க உக்காந்திருந்தாங்க. எல்லாரையும் ஏத்தி, கதவைச் சாத்தி, நான்தான் 'ரைட்' சொன்னேன்.

இப்படிக்கு,
உன் பிள்ளையைப் பெத்த அய்யா