கிழக்கு மூலையில் எண்ணெய் இல்லை, சலீம்

பிரியமுள்ள மாப்ளே சலீமுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகும் ஓசூரிலிருந்து அதே காலை பஸ்ஸில்தான் பெங்களூர் ஆபீசுக்குப் போகிறேன். அத்திப்பள்ளி நெரிசல் அப்படியே இருக்கிறது. உன் சீட்டில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்கள் என்ன செய்வார்கள் பாவம், ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

வடக்கே நாம் பார்த்த பழைய எண்ணெய் வயலில் மறுபடி அளவை எடுத்தார்கள். நிலத்துக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் படம் போடுவதுதானே நம் பிழைப்பு. பழைய படத்தோடு புதியதை ஒப்பிட்டால், எண்ணெய் போய்த் தண்ணீர் புகுந்த இடம் மாறியிருக்கும். எண்ணெய் மிச்சமுள்ள இடம் மாறாது. கிழக்கு மூலையில் மிச்சம் இருக்கிறது என்று கடைசிவரை நீ சாதித்தாய். நான் கேலி செய்துகொண்டே இருந்தேன்.

ஒப்பிட்டோம். கிழக்கு மூலை மாறவே இல்லை. அங்கே தோண்டப்போகும் கிணற்றுக்கு ஆபீசில் 'சலீம் கிணறு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். உன் மனைவி நஸ்ரினுக்கு அப்போதே போன் போட்டுச் சொன்னேன். அவள் அழுதாள், நானும்தான்.

ஆனால் உன் பழக்கம் என்னைச் சும்மா விடுமா? எதுவும் மாறக்கூடாத மேல் மண்ணை முதலில் பார், அங்கேயே வித்தியாசம் இருந்தால் தப்பு நம்முடையது என்பாயே. பார்த்தேன். கிழக்கில் மேல் மண்ணே மாறியிருந்தது. முதல் அளவை கோடையில் எடுத்தது, இது மழைக்குப் பின். ஈரம்தான் கீழே நடந்ததை மறைத்திருக்கிறது. அதைச் சரிசெய்து படம் போட்டால், உன் மூலை முழுக்கத் தண்ணீர்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன் மாப்ளே. உன்னை எல்லோரும் மெச்சுவதைக் கேட்க அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் எண்ணெய் வராத கிணற்றில் உன் பெயர் நிற்பதா? மேலதிகாரியிடம் சொன்னேன். "ஹோகலி பிடி" என்றார் கன்னடத்தில்; போகட்டும் விடு என்று கிணற்றைக் கைவிட்டார்.

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. ஞாயிறன்று சூளகிரியில் உன் வீட்டுக்கே போனேன்.

"சலீம் சொன்ன எடத்துல எண்ணெ இல்லம்மா. நல்லாப் பாத்துட்டேன்."

நஸ்ரின் டீயை என் முன்னால் வைத்தாள். பிறகு, "தப்புன்னு தெரிஞ்சுட்டா அவரு நிம்மதியாத் தூங்கிருவாருண்ணா. சந்தேகம் இருந்தாத்தான் முழிச்சுட்டுக் கெடப்பாரு" என்றாள்.

அடுத்த அளவையை முதலில் எடுத்த அதே கோடை மாதத்தில் எடுக்க வைப்பேன். அது என் பொறுப்பு. நீ தூங்கு மாப்ளே.

நஸ்ரினுக்கு அண்ணன் என்ற முறையில்,
உன் மச்சான் முருகேசன்