கராஜ் கதவில் ஸ்கொட்லாந்து

செப்டம்பர் 7, 2014. ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி அப்படியே ஈரமாய்.

இங்கே தந்தையர் தினம். மகள் இவருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தந்தாள். இவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. ஸ்கொட்லாந்தில் ஒரு கருத்துக்கணிப்பில் தனிநாட்டுப் பக்கம் முந்திவிட்டதாம். "ராணி, இஞ்ச வாரும். முந்தீற்றாங்கள்," என்று போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். உலகத்தின் மறுகோடியில் இந்த மெரிலேண்ட்ஸில் உப்பும் புளியுமாய் நிற்கிறவளுக்கு யார் முந்தினால் என்ன.

மத்தியானம் புது ஃபிரிட்ஜ் வந்த மட்டைப்பெட்டியை வெட்டி கராஜ் கதவின் உட்புறத்தில் ஒட்டினார். நடுவில் கோடு. இந்தப் பக்கம் 'ஓம்', அந்தப் பக்கம் 'இல்லை'. 18ஆம் திகதி ஸ்கொட்லாந்துக்காரர் தனியாகப் போவதா இல்லையா என்று வாக்குப் போடுகிறார்கள். முடிவு என்னவாகும் என்று கணித்து, தெரிந்தவர் அறிந்தவர் எல்லாரும் வந்து பெயர் எழுத வேண்டும். சரியாகச் சொன்னவர்களுக்கு நண்டுக்கறி விருந்து, என் கைச் சமையல். என்னைக் கேட்டவர் யாருமில்லை.

இதுவரை:
இவர் - ஓம்.
யோகன், இவருடைய சிநேகிதன் - ஓம். (பத்து வருடமாய் ஒவ்வொரு சனியும் வந்து தேத்தண்ணி குடித்து யாரையாவது திட்டிவிட்டுப் போகிறவர்.)
பக்கத்து வீட்டு அலெக் - ஓம்.

அலெக்கைக் கேட்கவே இல்லை. "அவர் ஸ்கொட்லாந்துக்காரன். வேற என்னத்தை எழுதுவார்?" என்று இவரே எழுதிவிட்டார். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, இற்ஸ் நொட் ஈவன் யுவர் கன்றி," என்றாள். கதவை அடித்துச் சாத்தினார்.

செப். 9, செவ்வாய்

குப்பை நாள். காலை வேலை இல்லை. தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனால் அலெக்கும் தன் தொட்டியோடு. எழுபத்து நாலு வயது, பழைய பஸ் ஓட்டுநர், மனைவி செத்து மூன்று வருடம். நாற்பது வருடத்துக்கு முன் இங்கே வந்தவர். வெளியில் வசிப்பதால் வாக்கு இல்லை. ஆனால் இவர் தினமும் வேலியடியில் நின்று அவருக்கு ஜோசியம் சொல்கிறார்.

அலெக் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: தனக்கு வாக்கு இருந்திருந்தால் 'இல்லை' என்றுதான் போட்டிருப்பாராம். ஒரே மகள் ஃபியோனா கிளாஸ்கோவில். அவள் 'ஓம்' பக்கம், வீடு வீடாய்ப் போய்க் கதவு தட்டுகிறாள். போன மாதம் போனில் சண்டை. "நீ விட்டுப் போன நாட்டைப் பற்றி உனக்கு என்ன பேச்சு" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து போன் எடுப்பதில்லை.

உன் புருஷனிடம் சொல்லிவிடாதே, அவன் சந்தோஷமாய் இருக்கிறான், என்றார்.

இனி இது வேறு நான் சுமக்க வேண்டும். ஏற்கெனவே கொழுப்பு மாத்திரை, கார் பதிவு, மகளின் பல்.

செப். 13, சனி

40 றோல்ஸ். 30 கட்லட். கராஜில் பன்னிரண்டு கதிரை. ஏதோ கல்யாண வீடு மாதிரி.

வந்தவர்கள் எல்லாரும் 'ஓம்' எழுதினார்கள். ஒருவரும் யோசிக்கவில்லை. யோகன் ஒவ்வொருவருக்கும் பேனையை நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு ரமேஷ் வந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கிற கோயம்புத்தூர்ப் பிள்ளை, வங்கியொன்றில் கணினி வேலை, நல்ல பிள்ளை. மட்டையைப் பார்த்து, "அண்ணா, என்ன ஓம்னு போட்டிருக்கீங்க, மந்திரம் மாதிரி இருக்கு," என்று சிரித்தார். சிரித்தபடியே 'இல்லை'யில் பெயரை எழுதினார்.

கதை பேசிக்கொண்டிருந்த எல்லாரும் மட்டைப் பக்கம் திரும்பினார்கள்.

யோகன்: "என்ன தம்பி, விளங்காமல் எழுதிப்போட்டீரோ?"

ரமேஷ்: "விளங்கித்தான் எழுதினேன். இதுவரைக்கும் வந்த கணிப்பெல்லாம் பாத்தேன். ஒண்ணு ரெண்டத் தவிர எல்லாத்துலயும் இல்லைதான் மேல இருக்கு. நீங்க எல்லாரும் ஆசைய எழுதியிருக்கீங்க. நான் கணிப்ப எழுதுறேன்."

"உங்களுக்கு எங்கட வலி எங்க விளங்கப் போகுது?"

"அண்ணா, இது ஸ்காட்லாந்து."

சரியான பதில். ஆனால் சொல்லியிருக்கக் கூடாது. யோகன் எழும்பி நின்று என்னென்னவோ சொன்னார். இந்தியா, அமைதிப்படை, எண்பத்தேழு. அப்போது ரமேஷ் பால்குடிப் பிள்ளையாய் இருந்திருப்பார். ரமேஷ் கையில் இருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு, "வர்றேன் அக்கா," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கென்று தனியாய்ச் செய்த மரக்கறி றோல்ஸ் அப்படியே. இவர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

எனக்கு வந்த எரிச்சலில் போய்ப் பேனையை எடுத்தேன்.

"நீர் எழுதேல்லைத்தானே இன்னும். எழுதும், எழுதும்," என்று இவர் சிரித்தார்.

'இல்லை'யில் எழுதினேன். ரமேஷின் பெயருக்குக் கீழே. ராணி.

கோபத்துக்காக மட்டும் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் நாங்கள் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்குகிற பகுதியில் போன வருடம் ஷிப்ட் முறையை மாற்ற வாக்கெடுப்பு வைத்தார்கள். சாப்பாட்டு அறையில் எல்லாரும் மாற்றம் வேண்டும் என்று கத்தினார்கள். பெட்டியைத் திறந்தால் பழையதே போதும் என்று வந்தது. பென்ஷன், வீட்டுக் கடன், பிள்ளைப் பராமரிப்பு உள்ளவர்கள் பெட்டிக்கு முன்னால் போனதும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். நான் கண்ணால் பார்த்தது.

எல்லாரும் போன பிறகு இவர் கேட்டது ஒன்றுதான். "நீருமோ, ராணி?"

இவருடைய தம்பி ரூபனுக்காகத்தான் இந்த மட்டை என்பது எனக்குத் தெரியாதா. ஊரில் சண்டை முடிகிற நேரம், 2009 மே மாதம், கடைசியாய்ப் போனில் பேசினவன். பிறகு எந்த முகாமிலும் இல்லை, எந்தப் பட்டியலிலும் இல்லை. இந்த ஐந்து வருடத்தில் இவர் அந்தப் பெயரை வாயால் எடுக்கவில்லை. நான் எடுத்தால் எழும்பிப் போய்விடுவார். எங்கேயாவது ஒரு சனம் துவக்கும் குண்டும் இல்லாமல் ஒரு பேப்பரில் கேட்டதை வாங்கிவிட்டால் இவருக்கு ஏதோ ஆறும். தெரியும். தெரிந்துகொண்டும் எரிச்சல்.

செப். 15, திங்கள்

பேச்சு இல்லை. மகள் மூலம்தான் செய்தி. "அப்பா வோன்ற்ஸ் சோல்ற்." உப்பு, கை எட்டுகிற தூரத்தில்.

நீலத்தில் வெள்ளைச் சிலுவை போட்ட கொடி ஒன்று தபாலில் வந்தது. எங்களுக்கும் அலெக்குக்கும் நடுவேலியில் கட்டினார், அலெக்கின் குசினி ஜன்னலுக்கு நேரே. பாவம் மனிதன். பி.ப. நான்கு மணிக்கு, காற்றுக்குக் கிழிந்துவிடும் என்று மகளிடம் சொல்லிக் கழற்றினேன். காற்றே இல்லை.

வேலையில் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "ஸ்கொட்லாந்து ஏற்கெனவே ஒரு நாடுதானே?" தேத்தண்ணி நேரம் முடிந்துவிட்டது.

வாங்க: மா, பூண்டு, சவர்க்காரம். நண்டு? வேண்டாம். முடிவு வரட்டும்.

செப். 18, வியாழன்

வாக்குப் போடுகிற நாள். அங்கே விடியும்போது இங்கே பின்னேரம்.

இவர் வேலையால் வந்து நேரே கராஜுக்குள். நாளைக்கு லீவு எடுத்தாயிற்று. ஐந்து மணியளவில் அலெக் வந்தார். வெளிச் சட்டை, சப்பாத்து, தலை வாரி, எங்கேயோ கூட்டத்துக்குப் போகிறவர் மாதிரி. பேனையைக் கேட்டார். 'ஓம்' பக்கத்தில் இருந்த தன் பெயரை நிதானமாய் வெட்டினார். எனக்குக் கீழே 'இல்லை'யில் எழுதினார். இன்றைக்கு உண்மையான நாள், இன்றைக்கு என் பெயர் பிழையான பக்கத்தில் நிற்கக் கூடாது, என்று சொல்லி இவரிடம் மன்னிப்புக் கேட்டார். தன் கணிப்புக்கு மன்னிப்புக் கேட்கிற மனிதன்.

இவர் கையைக் கொடுத்தார், மரியாதைக்கு. அலெக் படலையைத் தாண்டும்வரை பொறுத்தார்.

"உமக்கு இது முந்தியே தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அவரைக் கேட்டனீங்களோ? ஒரு நாளாவது கேட்டனீங்களோ? கொண்டுபோய் எழுதினீங்கள். ரமேஷைக் கேட்டனீங்களோ? என்னைக் கேட்டனீங்களோ?"

இதைவிடவும் சொன்னேன். எழுத வேண்டாம். ஐந்து நாளாய் மூடியிருந்த வாய் இரண்டு பேருக்கும் திறந்தது, அவ்வளவுதான் இலாபம்.

செப். 19, வெள்ளி

காலை ஷிப்ட். வேலையிடத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தட்டுத் தட்டாய்க் கத்தரிக்கோல் எண்ணினேன்.

பி.ப. 3.20க்கு வீடு. முடிவு வந்துவிட்டது. இல்லை. ஐம்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து. கிளாஸ்கோவாவது இவரைக் கைவிடவில்லையாம். முடிவு பார்க்க வந்த யோகன் இடையிலேயே எழும்பிப் போய்விட்டார். இவர் தனியே, ரீவிக்கு முன்னால், சத்தத்தைக் குறைத்துவிட்டு.

சொல்லிக்காட்டுவோம் என்று ரெயிலில் யோசித்து வைத்திருந்த வசனம் ஒன்று. விட்டேன்.

பக்கத்தில் இருந்தேன். திரையில் விடிந்துகொண்டிருந்தது. கொடியைத் தோளில் போட்ட ஒரு பெண் அழுதுகொண்டு நடக்கிறாள். ஒரு பொலிஸ்காரன் அவளுக்கு வழி விட்டு விலகுகிறான். அவள் பஸ் தரிப்பிடத்தில் போய் நிற்கிறாள்.

இவர் கன நேரம் பார்த்துவிட்டு, "தோத்துப்போட்டு பஸ்ஸுக்கு நிக்கினம்," என்றார். பிறகு, "ஒருத்தரும் ஓடேல்லை, பாத்தனீரே?"

கையைப் பிடித்தேன்.

நாலு மணிக்குக் கதவில் தட்டு. அலெக். வென்ற ஆள் அழுதுகொண்டு நிற்கிறார். மகள் இப்போதும் போன் எடுக்கவில்லையாம், அவள் இரவிரவாய் வாக்கு எண்ணுகிற மண்டபத்தில் எப்படி உடைந்திருப்பாள் என்று அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாராம். இவர் அவரைக் கதிரையில் இருத்தினார். அவருடைய போனிலிருந்து நம்பரைப் பார்த்துத் தன் போனில் அடித்தார். நான் தடுக்கப் பார்த்தேன், கை காட்டி நிறுத்தினார். அந்தப் பக்கம் எடுக்கவில்லை. செய்தி விட்டார், தன் இங்கிலீஷில், மெதுவாய், ஒவ்வொரு சொல்லாய்:

நான் உன் தகப்பனின் பக்கத்து வீட்டுக்காரன். நானும் 'ஓம்' என்றுதான் இருந்தேன், நானும் தோற்றுவிட்டேன். உன் தகப்பன் வென்றுவிட்டு என் வீட்டில் இருந்து அழுகிறார். உனக்குத் தகப்பன் இருக்கிறார், போன் எடுத்தால் பேசுவார். தயவுசெய்து எடு.

அலெக்குக்குத் தேத்தண்ணி. மூன்று சீனி, டாக்டர் சொன்னதற்கு மாறாய்.

செப். 20, சனி

காலை எட்டு மணிக்கே இவரைக் காணவில்லை. ரமேஷ் வீட்டுக்குப் போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று கேட்டால், "சும்மா கதைச்சனாங்கள்." ரமேஷின் மனைவி பிறகு எனக்குப் போன் பண்ணினாள். "அண்ணா வாசல்லயே நின்னு மன்னிப்புக் கேட்டாரு அக்கா. உள்ள கூட வரமாட்டேன்னுட்டாரு. இவருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

விருந்துக் கணக்கு. சரியாய்ச் சொன்னவர்கள் மூன்று பேர். ரமேஷ், சைவம். அலெக், ஓட்டுக்குள் இருக்கிற எதையும் தின்னமாட்டார். மூன்றாவது நான். எனக்கு நானே நண்டு உடைத்துச் சமைத்துக் கழுவ வேண்டும். உருளைக்கிழங்குக் கறியும் பூரியும் செய்தேன். வந்து சாப்பிட்டார்கள். யோகனைக் கூப்பிட்டோம், வயிற்று வலியாம்.

செப். 21, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தது. தேவாலயத்தில் சுவாமியார் இன்றைக்கும் பிரசங்கத்தை நீட்டினார். வெயில் நல்லாய் எறித்தது, துணி எல்லாம் காய்ந்தது.

பி.ப. 6. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். இவருடைய போன். ஃபியோனா. அங்கே காலை. தகப்பனோடு நேற்றே பேசிவிட்டாளாம். நன்றி சொல்லத்தான் எடுத்தாளாம். இவர் சாப்பாட்டு மேசையில் இருந்தார், எனக்கு முதுகு காட்டி. சத்தமாய்ப் பேசுகிறவள், அவள் குரல் குசினிவரை கேட்டது. உங்களுக்கு ஏன் எங்கள் வாக்கெடுப்பில் இவ்வளவு அக்கறை என்று கேட்டாள்.

கராஜில் பேசுகிற பிரசங்கம் வரப்போகிறது என்று நினைத்தேன். உரிமை, சரித்திரம், எழுபத்தேழில் தனிநாட்டுக்குப் போட்ட வாக்கு.

"ஐ ஹாட் எ பிரதர்," என்றார்.

ஹாட். இருந்தான். அரசாங்கப் படிவத்தில்கூட தம்பி 'இருக்கிறார்' என்று நிரப்புகிற மனிதன்.

பிறகு பேச்சு நிற்கவில்லை. ரூபன் சின்னதில் பள்ளிக்கூடம் போகாமல் வள்ளத்துக்குள் ஒளித்துக் கிடந்தது. அவனுடைய சைக்கிள். கடைசியாய் வந்த போன். பின்னால் ஷெல் சத்தம், அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எல்லாரையும் சுகம் கேட்டது. அண்ணியோடு ஒருக்கால் கதைக்க வேணும் என்று கேட்டானாம். அவளோடுதான் எனக்குச் சிரிக்க வரும் என்றானாம். அவள் வேலைக்குப் போய்விட்டாள், நாளைக்கு எடு என்று இவர் சொன்னாராம்.

எனக்கு இது தெரியாது.

அன்றைக்கு நான் வேலையில் இல்லை. மேல்மாடியில் நித்திரை. இரவு ஷிப்ட் முடித்துப் படுத்தவளை எழுப்ப வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

அதையும் சொன்னார். கிளாஸ்கோவில் இருக்கிற, முகம் தெரியாத பெண்ணுக்கு, இங்கிலீஷில். எழுப்பவில்லை என்பதை இரண்டு தரம் சொன்னார்.

நாற்பது நிமிடம். சோறு அடிப்பிடித்த மணம் வந்தது. நான் எழும்பவில்லை.