ஏழு படியும் பக்கக் கதவும்

திருத்தணி,
ஆகஸ்ட் 4

அன்பு மகன் டேவிட்சனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் சித்தி பெபியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மோனிகாவும் பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர மனசு நலமாக இல்லை, உன் மேல் கோபமாக இருக்கிறேன். போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன், வேலைக்கு நடுவில் பார்க்காமல் உட்கார்ந்து முழுசாகப் படி.

நீ அனுப்பிய டிவி போன செவ்வாய்க்கிழமை வந்தது. பிறந்தநாளும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை, எதற்கு இவ்வளவு பெரிய டிவி என்று நானும் பெபியும் யோசித்தோம், பிள்ளைக்கு நம் மேல் எவ்வளவு பாசம் என்று எதிர்வீட்டு எல்லம்மாளிடம் வேறு பீற்றிக்கொண்டேன். மறுநாளே அதற்கும் காரணம் தெரிந்துவிட்டது.

நம் கோயிலுக்கும் பக்கத்துக் கூடத்துக்கும் வேலை நடக்கிறது என்று சொன்னேன் அல்லவா, எல்லாம் முடிந்துவிட்டது. தரைக்குக் கிரானைட், கூடத்துக்குப் புது மேடை, முன்வாசல் ஏழு படிக்கும் புதுக் கல், பளபளவென்று கைப்பிடி. சக்கர நாற்காலி ஏறச் சரிவு மட்டும் இல்லை. போன வருஷம் சர்க்கரையால் என் காலை எடுத்த பிறகு, வாசலில் சரிவு போடுகிறோம் என்று கமிட்டியில் பேசித் தரையில் சுண்ணாம்புக் கோடுகூடப் போட்டிருந்தார்கள், என் கண்ணால் பார்த்தேன். இப்போது அந்த இடத்தில் குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருக்கிறார்கள். ஈஸ்டர் அன்றைக்கு நாலு பேர் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள், நடுப்படியில் ஒருவர் கை வழுக்கி நாற்காலி சாய்ந்து என் புடவை விலகி மொத்தச் சபையும் பார்த்தது. உன்னிடம் இதைச் சொல்லவில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றோடு யாரும் என்னைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன், நாலு மாதமாக நான் உள்ளே போகவில்லை. ஓட்டுப் போடுகிற அன்றைக்கு நம் கூடத்து வாசலில் தேர்தல்காரர்கள் பலகை அடித்துச் சரிவு வைத்தார்கள், நானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டு வந்தேன், மறுநாள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு ஓட்டுக்காக ஒரே நாளில் செய்ய முடிந்தது இவர்களுக்கு ஒரு வருஷமாக முடியவில்லை.

புதன்கிழமை கமிட்டிச் செயலாளர் ஸ்டீவன், உன்னோடு ஞாயிறு பள்ளியில் படித்தவன்தான், ஆண்டு விழா நோட்டீஸ் கொடுக்க வந்தான். விடுவேனா, கேட்டேன். இன்னா ஆன்ட்டி, பக்கக் கதவாண்ட சரிவு இருக்குதே, அப்படியே வந்துடுங்களேன் என்கிறான். அது எந்தக் கதவு என்று உனக்குத் தெரியும், சவப்பெட்டி வண்டி ஏறுவதற்காகப் போட்ட சரிவு அது, மூன்று வருஷம் முன்னால் உன் நைனாவை அந்த வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போனோம், நீயும் ஒரு பக்கம் பிடித்திருந்தாய். செத்தவர்களுக்குச் சரிவு, உயிரோடு இருக்கிறவளுக்குப் படியா. அந்தக் கதவு வழியா நான் ஒரு வாட்டிதான் வருவேன் ஸ்டீவன், அன்னைக்கு உன்னைக் கேட்டுகினு வரமாட்டேன் என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது, அப்போதுதான் வாயை விட்டான். நாங்க போடலாம்னுதான் இருந்தோம் ஆன்ட்டி, டேவிட்சன்கிட்ட போன்ல கேட்டோம், அம்மாவுக்கு இன்னாத்துக்குச் சிரமம், வீட்லயே யூடியூப்ல ஆராதனை பாத்துக்கட்டும், நான் பெரிய டிவி அனுப்பிடறேன்னு அவர்தான் சொன்னாரு, அதான் வுட்டுட்டோம் என்றான்.

டேவிட்சா, உனக்கு வாய் எப்படி வந்தது. அங்கே கட்டடங்களுக்குப் படம் போடுகிறவன் நீ, சரிவு காட்டாமல் படம் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நீதானே என்னிடம் பெருமையாகச் சொன்னாய். முகம் தெரியாத வெள்ளைக்காரனுக்குச் சரிவு, பெற்றவளுக்கு டிவியா. என் காலைத்தான் எடுத்தார்கள், வாயை எடுக்கவில்லை, என்னைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கோயிலுக்கு நான் பாட்டுக் கேட்க மட்டுமா போகிறேன், அங்கேதான் எனக்கு மனிதர்கள் இருக்கிறார்கள். டிவியை நான் பிரிக்கவில்லை, உன் போனில் அழுத்தினால்தான் திருப்பி எடுத்துப் போகக் கடை ஆள் வருவானாம், அழுத்திவிடு. எல்லம்மாள் போன கிருத்திகைக்கு ஆட்டோவில் மலைக்குப் போய்வந்து விபூதியும் கையுமாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எங்க சாமி மலை மேல கீறாரு, போய்ப் பாத்துட்டு வந்துட்டேன், உங்க சாமி தரையிலதான கீறாரு, உன்னால முடியலையே என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள், எனக்குச் சுருக்கென்றது.

முந்தாநாள் முதல் ஞாயிறு, திருவிருந்து. பெபியைத் தள்ளச் சொல்லி ஏழு படிக்கும் கீழே நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டேன், வருகிறவர்கள் எல்லாரும் என்னைச் சுற்றித்தான் ஏறிப் போனார்கள். கடைசியில் ஆயர் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். உள்ளே வந்து வாங்கிக்கிறேங்க ஆயரே, நான் வியாதிக்காரி இல்ல, சபைக்காரி என்று கையைக் கட்டிக்கொண்டேன். பாவம், கிண்ணத்தோடு திரும்பிப் படியேறினார். பெபி மானம் போச்சுக்கா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். திருவிருந்தை வேண்டாம் என்று சொன்னது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், ஆனாலும் செய்தது தப்பு என்று தோன்றவில்லை.

ஆயர் பேசியதால் வருகிற பதினாறாம் தேதி கமிட்டி மறுபடி கூடுகிறது. அதற்கு ஸ்டீவன் சொல்லி அனுப்புகிறான், டேவிட்சன்கிட்ட இருந்து ஒரு மெயில் வந்தா நல்லா இருக்கும் என்று. மறுபடியும் உன்னிடம்தான் கேட்கிறான் பார். மெயில் எதுவும் போடாதே, நானே இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அங்கே ஆகஸ்டில்தான் குளிர்காலம் என்கிறாய், பிள்ளையின் காதை மூடிக் கூட்டிப் போங்கள், மோனிகா முதுகுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கட்டும், நீ நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் மூவர் தலை மேலும் ஆண்டவருடைய கை இருக்கட்டும், கோபத்தோடு கேட்டாலும் ஜெபம் ஜெபம்தான். ஒன்றை மறக்காதே. பதினாறாம் தேதிக்கு முன்னால் ஸ்டீவனுக்குப் போன் போட்டு, அம்மாவைக் கேளுங்க என்று மட்டும் சொல், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். கமிட்டி கூடுவது கூடத்து மாடியில், நான் ஏற முடியாது. கீழே உட்கார்ந்திருப்பேன், அவர்களுக்குக் கால் இருக்கிறது, இறங்கி வந்து கேட்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா,
லோயிஸ் ஜோசப்